பாட்டை மெதுவாக்கிக் கிட்டார் கற்கக் கிளம்பியபோது எனக்கு யாரும் சொல்லாதவை

காதால் கேட்டே கிட்டார் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பக்கத்தில் வாத்தியார் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு. இந்த வேலையில் எனக்கு ஒரு வருஷத்துக்குக் கிட்டவும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயும் வீணாகப் போயின. பணத்தைவிட இன்னொன்றுதான் இன்றைக்கும் வலிக்கிறது. "எனக்குக் காதே கிடையாது போலிருக்கிறது" என்று முடிவுகட்டி, கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டுச் சில மாதம் அதன் பக்கமே போகாமல் இருந்தேன். என் காதில் ஒரு குறையும் இல்லை. கேட்ட ஒலிக்கோப்பில் குறை இருந்தது, என் கையில் இருந்த கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்ல ஆள் இல்லை.

நான் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுக்குப் போய் அடிப்படைக் கார்டுகளும் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) தாளத்துக்குத் தந்திகளை வருடும் ஸ்ட்ரம்மிங்கும் பழகி, பாட்டுக்குக் கார்டு போட்டுப் பாடும் அளவுக்கு வந்திருந்தேன். ஆனால் நான் கிட்டார் வாங்கியதே வேறொன்றுக்காக. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாட்டுகளில், பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் ஒரு கிட்டார் வந்து பத்துப் பன்னிரண்டு நொடி பேசிவிட்டுப் போகுமே, அது. அப்பாவின் கேசட்டில் கேட்டு வளர்ந்த அப்படியொரு இடையிசை சின்ன வயதிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதை என் விரலில் கேட்க வேண்டும். வகுப்பில் கேட்டபோது, "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் தமிழ்ப் பாட்டுகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வரிக்கு மேலே எழுதிய கார்டு பெயர்கள்தான். இடையிசையை டேப்பாக, அதாவது எந்தத் தந்தியில் எந்த இடத்தை அழுத்துவது என்று எண்களால் குறித்து, எழுதித் தருகிறேன் என்று சொன்ன ஒருவருக்கு 600 ரூபாய் அனுப்பினேன். வந்த பிடிஎஃப்பில் முதல் சில நோட்டுகள் சரி. அதன்பிறகு பாட்டு ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்போதுதான், நாமே கேட்டு எடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். யூடியூபில் பாட்டைப் போட்டு, பல்சக்கரத்தை அழுத்தி வேகத்தை 0.5 ஆக்கினேன். சுருதி மாறாமல் பாட்டு பாதி வேகத்தில் ஓடியது. அன்றைக்கு அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் அதன் எல்லை தெரிந்துவிட்டது. அங்கே வலது கிளிக் செய்தால் வரும் லூப் முழு வீடியோவையும்தான் திரும்ப ஓட்டும். எனக்கு வேண்டியது நடுவில் இரண்டே நொடி. ஒவ்வொரு தடவையும் மவுஸால் கோட்டைப் பிடித்து இழுத்து, சரியான இடத்துக்கு ஒரு நொடி முன்னாலோ பின்னாலோ விழுந்து, கேட்ட சுரம் மனதில் நிற்பதற்குள் அடுத்தது வந்து அதை அழித்துவிடும். 0.25-க்குப் போனால் கிட்டார் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. கணினியில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமாக விஎல்சி என்ற பிளேயர் உண்டு. அதில் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸைத் திறந்தால் ஏ-பி லூப் பொத்தான் வரும், தொடக்கமும் முடிவும் குறித்தால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். வேகத்தைக் குறைக்கலாம், சுருதி இறங்காது, காசும் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அடுத்து வந்த செலவு வந்திருக்காது.

அடுத்து வந்தது ஒரு மொபைல் ஆப். பாட்டை மெதுவாக்கும், லூப் போடும், கார்டுகளையும் தானே சொல்லும் என்று விளம்பரம். ஏழு நாள் இலவசம். பயன்படுத்திப் பார்த்தேன், பிடிக்கவில்லை, போனிலிருந்து நீக்கிவிட்டேன். அடுத்த வாரம் என் கணக்கிலிருந்து 3,499 ரூபாய் எடுக்கப்பட்டது, ஒரு முழு வருஷத்துச் சந்தா. ஆப்பை நீக்கினால் சந்தா நின்றுவிடாது என்பதை அந்த ஆப் எங்கேயும் கண்ணில் படும்படி சொல்லவில்லை. திரும்பக் கேட்டு எழுதினேன். "இலவசக் காலம் முடிந்துவிட்டது" என்று ஆயத்தமாக எழுதி வைத்த பதில்தான் வந்தது. மாதக் கடைசி அது. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற இடத்துக்குப் போய் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். இலவசக் காலம் தொடங்கிய அன்றைக்கே ரத்து செய்துவிடலாம். பெரும்பாலான ஆப்கள் மீதி நாளுக்கு வேலை செய்யத்தான் செய்யும். யுபிஐ வழியாக ஒப்புதல் கொடுத்திருந்தால், உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியில் போய் அந்த ஒப்புதலையும் நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அதில் ஆப்பின் பெயரே இல்லை, விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே புதைந்து கிடந்தது. இலவசம் முடியும் நாளுக்கு முந்தின நாள் வரும் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

பணம் போய்விட்டது, இனி பயன்படுத்தியாவது தீர்ப்போம் என்று அந்த ஆப்பைத் திரும்ப ஏற்றினேன். அது சொன்ன கார்டுகள் என்னை இன்னும் குழப்பின. மேஜர் (கார்டு வகைகளில் ஒன்று) என்று அது காட்டும் இடத்தில் நான் மேஜர் வாசித்தால் ஒட்டவே ஒட்டாது. ஏன் என்று புரிய ரொம்ப நாள் ஆனது. கிட்டாரின் ஐந்தாவது தந்தியைத் திறந்தபடி ஒரு தட்டு தட்டுங்கள். அது ஏ என்ற சுரம், 110 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த ஒரு தந்தியிலிருந்து 220, 330, 440, 550 என்று மேலே மேலே கிளையொலிகளும் சேர்ந்தே வருகின்றன. 330 என்பது கிட்டத்தட்ட இ. 550 கிட்டத்தட்ட சி ஷார்ப். ஏ, சி ஷார்ப், இ மூன்றும் சேர்ந்தால் ஏ மேஜர் கார்டு! ஒற்றைத் தந்தியைத் தட்டினாலே கணினியின் பார்வையில் ஒரு மேஜர் கார்டின் சாயல் விழுந்துவிடுகிறது. இடையிசையில் பேஸ் கிட்டார் ஒரு நோட்டைப் பிடித்திருக்கும், மேலே வயலின் கூட்டம் வேறொன்றில் இருக்கும், எல்லாவற்றையும் கூட்டி அது ஒரு பெயர் சொல்லும். அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சொல்வதும் உங்கள் காது சொல்வதும் முரண்பட்டால், தயவுசெய்து காதின் பக்கம் நில்லுங்கள். நான் திரைப் பக்கம் நின்றேன், என் காதைச் சந்தேகித்தேன். அந்தச் சந்தேகம்தான் கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றியது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அந்த ஆப்பில் பாட்டைக் கோப்பாகத்தான் ஏற்ற முடியும். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றுக்கு 1,500 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டி, உயர்ந்த தரத்தில் பதிவிறக்கம் செய்தேன். அந்தக் கோப்புகள் பூட்டுப் போட்டவை, அதே செயலிக்குள் மட்டும்தான் திறக்கும். வேறு எந்த மென்பொருளிலும் போட முடியாது என்று பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. நீங்கள் சந்தா கட்டுமுன் இதை யோசியுங்கள். மெதுவாக்கும் மென்பொருளுக்கு வேண்டியது பூட்டில்லாத கோப்பு: ஆடியோ சிடியிலிருந்து எடுத்தது, அல்லது பாட்டை விலைக்கு விற்கும் இடத்தில் வாங்கியது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த எம்பி3 வேண்டாம். சாதாரண வேகத்தில் அது நன்றாகத்தான் கேட்கும். பாதி வேகத்துக்கு இறக்கியதும், சுருக்கும்போது தூக்கியெறிந்த விவரங்களின் இடம் எல்லாம் ஓட்டையாகத் தெரியும். சிம்பலும் கிட்டார் நகத்தின் சத்தமும் கொழகொழவென்று ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அதெல்லாம் தெரியாத காலத்தில் நான் அப்பாவின் கேசட்டுக்குப் போனேன். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட். ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வாங்கினேன். கோப்பு ஆப்பில் ஏறியது, லூப் விழுந்தது, 60 சதவீத வேகத்தில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்டது. ஆனால் கிட்டாரில் அது எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டம்) இல்லை! மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் பாட்டு அதற்கு மேலே இருக்கிறது. நான்காவதை அழுத்தினால் பாட்டு கீழே. மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். பாட்டுக்கு ஏற்றபடி ஆறு தந்தியையும் ஏற்றி ஏற்றி இறக்கினேன். முதல் தந்தி அறுந்து முகத்துக்குப் பக்கத்தில் பறந்தது. இரண்டு செட் தந்தி, 900 ரூபாய். என் காதில்தான் கோளாறு என்று நம்பியது இந்தக் கட்டத்தில்தான்.

கேசட் பிளேயரின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறும். மூன்று சதவீதம் வேகம் கூடினாலே அரை செமிடோன் ஏறிவிடும், அதாவது இரண்டு ஃப்ரெட்டுக்குச் சரியாக நட்டநடுவில். இதைக் கண்டுபிடிக்க, கேட்கும் சுரத்தின் பெயரைக் காட்டும் ஒரு டியூனர் போதும். பாட்டில் கீபோர்டோ புல்லாங்குழலோ ஒரே நோட்டில் நீண்டு நிற்கும் இடத்தை லூப் செய்துவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் டியூனர் ஆப்பை வையுங்கள். என் திரையில் முள் ஜி-யின் வலது ஓரத்துக்குப் போகும், உடனே எழுத்து ஜி ஷார்ப் என்று மாறி முள் இடது ஓரத்துக்குத் தாவும், திரும்ப ஜி. அப்படி அல்லாடினால் சுருதி நடுவில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் சரிசெய்வது? அதே பாட்டின் நம்பகமான இன்னொரு பதிப்பை எடுத்து, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை இரண்டிலும் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டு ஏழு நொடி முன்னதாக முடிந்தால் அது மூன்று சதவீத வேகம். சரிசெய்யும்போது சுருதியை மட்டும் இறக்காதீர்கள். வேகமும் சுருதியும் சேர்ந்துதான் கெட்டிருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இதற்கு 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' என்ற எஃபெக்ட் இருக்கிறது. சிடியில் வந்த பாட்டாக இருந்தாலும் அந்தக் காலத்து டேப் பதிவுகளில் சில, ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்ற இன்றைய அளவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். அப்படியிருந்தால் கிட்டாரைத் தொடாமல் கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். தந்தி பிழைக்கும்.

அதைச் சரிசெய்து, மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை வைத்துத் தட்டியபோது பாட்டும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. அந்த நிமிஷத்தை என்னால் விவரிக்க முடியவில்லை. பல மாதமாக என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டிருந்த பொய் ஒன்று உடைந்தது.

இனி, எதை வைத்து வேலை செய்வது என்பதற்கு வருகிறேன். ஆடாசிட்டி இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். 'சேஞ்ச் டெம்போ' போட்டால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். மேலே உள்ள நேரக்கோட்டில் மவுஸால் இழுத்து லூப் வைக்கலாம். கண்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் அந்த இடத்துக்கு ஒரு லேபிள் விழும். நான் 'இறக்கம்', 'இரண்டாம் கார்டு', 'இங்கே ஸ்லைடா?' என்றெல்லாம் எழுதி வைப்பேன். இதன் ஒரே தொந்தரவு, வேகத்தை மாற்ற ஒவ்வொரு தடவையும் எஃபெக்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் 70, 50 என்று இரண்டு பிரதி முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வேன். பிறகு டிரான்ஸ்கிரைப் என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தேன். இந்த வேலைக்கென்றே செய்தது. 30 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு ஒரே ஒரு முறை விலை, சந்தா கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தை மாற்றலாம், சுருதியைச் சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்தலாம். எஸ், எம், பி விசைகளால் பாட்டின் பகுதி, தாள வட்டம், அடி மூன்றையும் குறித்துக்கொண்டே போகலாம். கீழே ஒரு பியானோ வரைபடத்தின் மேல் எந்தச் சுரத்தில் எவ்வளவு ஒலி என்று மேடுபள்ளமாகக் காட்டும். இது பாட்டைத் தானாக எழுதித் தரும் மென்பொருள் அல்ல, அப்படி எதிர்பார்த்து வாங்காதீர்கள். எனக்கு அந்த மேடுகள் சந்தேகம் தீர்க்க மட்டும்: நான் ஒரு சுரம் கேட்டதாக நினைக்கிறேன், அங்கே மேடே இல்லை என்றால் திரும்பக் கேட்பேன். மேடு இருப்பதாலேயே அந்தச் சுரம் வாசிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், கிளையொலி விஷயம்தான் காரணம்.

எவ்வளவு மெதுவாக்குவது? நான் பார்த்தவரை 70 சதவீதத்தில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். வேகமான ஓட்டத்துக்கு 50. அதற்குக் கீழே போவதால் லாபமில்லை. மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு நீட்டுகிறது. நீண்டு நிற்கும் சுரத்துக்கு அது பொருந்தும். நகம் தந்தியில் படும் அந்தச் 'டக்', சில மில்லி நொடியில் முடிந்துவிடுகிறது. அதை நீட்டினால் மழுங்கும், சில நேரம் இரட்டையாகக் கேட்கும். நான் ஒரு இடத்தில் இரண்டு தடவை மீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அப்படியே பழகினேன். 80-இல் கேட்டபோது ஒரு தடவைதான். எவ்வளவு இறக்கிக் கேட்டாலும், முடிவு செய்யுமுன் ஒருமுறை வேகத்தை ஏற்றிக் கேட்டுவிடுங்கள்.

லூப்பை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். நான்கைந்து சுரம் போதும். அடுத்த லூப்பை முந்தையதின் கடைசி சுரத்திலிருந்தே தொடங்குங்கள், இல்லையென்றால் துண்டுகள் ஒட்டாது. அப்புறம், பாடுங்கள். இதை எனக்குச் சொன்னது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுவின் மூத்த கிட்டாரிஸ்ட். கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். "மாஸ்டர், அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லையே, நீங்க எப்படி எடுத்தீங்க?" என்றேன். "ஸ்பூல்லம்மா. ஏழரைல பதிஞ்சு மூணே முக்கால்ல ஓட விடுவோம். வேகம் பாதியாயிரும், ஒரு ஆக்டேவ் கீழ போயிரும், அவ்வளவுதான? சுரம் மாறாதே." ஸ்பூல் என்பது சக்கரத்தில் சுற்றிய பழைய ஒலிநாடா; அது ஒரு நொடிக்கு எத்தனை அங்குலம் ஓடுகிறது என்ற கணக்கு அது. பாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஆக்டேவ், அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே. பிறகு, "எங்க நிக்குது உனக்கு? பாடிக் காட்டு" என்றார். பாடினேன். முதல் பாதி சுத்தமாக வந்தது, இறக்கத்தில் நான்காவது சுரத்தில் குரல் தடுமாறியது. "விரலும் அங்கதான நிக்குது?" என்றார். ஆமாம், அங்கேதான். "அப்ப அது விரல் கோளாறு இல்லம்மா, நீ அந்தச் சுரத்த இன்னும் கேட்கல." அன்றிலிருந்து லூப்பை ஓடவிட்டு, நிறுத்தி, 'ந ன ந னா' என்று பாடி, குரல் சரியாக வந்த பிறகுதான் கிட்டாரைத் தொடுகிறேன். நேரம் அதிகமாகும் என்று தோன்றும், உண்மையில் பாதியாகக் குறைகிறது.

சுரம் தெரிந்துவிட்டால் அது எந்தத் தந்தி என்பது அடுத்த கேள்வி, இதைப் பற்றி நான் எங்கேயும் படித்ததில்லை. முதல் தந்தியைத் திறந்தபடி தட்டினால் வரும் இ-யும், இரண்டாம் தந்தி 5-ஆம் ஃப்ரெட்டும், மூன்றாம் தந்தி 9-ஆம் ஃப்ரெட்டும், நான்காம் தந்தி 14-ஆம் ஃப்ரெட்டும் ஒரே சுரம். நான் வாங்கிய பிடிஎஃப்பில் இ, எஃப் ஷார்ப், ஜி மூன்றையும் இரண்டாம் தந்தியில் 5, 7, 8 என்று எழுதியிருந்தார்கள். சுரமெல்லாம் சரி, ஆனாலும் பாட்டுப் போலவே இருக்காது. 60 சதவீதத்தில் ஹெட்போனில் கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. எஃப் ஷார்ப் வந்த பிறகும் இ அடியில் முழங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே தந்தியில் அப்படி நடக்க வழியில்லை, அடுத்த ஃப்ரெட்டை அழுத்தியதும் முந்தைய சுரம் செத்துவிடும். ஆகவே இ திறந்த முதல் தந்தி, மற்ற இரண்டும் இரண்டாம் தந்தியில் 7, 8. கையை ஏழாவது ஃப்ரெட்டிலேயே வைத்துக்கொண்டால் போதும், இழுத்து நீட்டவே வேண்டாம். சுரம் எது என்பதோடு நிறுத்தாமல், அது எப்போது நிற்கிறது என்றும் கேளுங்கள். சுரம் வழுக்கி ஏறினால் ஸ்லைடு, ஒரே தந்தி. நகச்சத்தமே இல்லாமல் அடுத்த சுரம் வந்தால் ஹேமர்-ஆன் (இடது கை விரலைத் தந்தியில் குத்தி ஒலிப்பது) அல்லது புல்-ஆஃப் (விரலை இழுத்து எடுத்து ஒலிப்பது). மெதுவாக்குவதால் கிடைக்கும் பெரிய பலன் என் கணக்கில் இதுதான்.

மெதுவான வேகத்தில் வசதியாக இருக்கும் விரல் அமைப்பு, முழு வேகத்தில் உதவாமல் போகலாம். பழகுமுன் இரண்டு மூன்று சுரத்தை மட்டும் முழு வேகத்தில் தட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் வேறு தந்தியைத் தேடுங்கள். தவறான விரலில் ஊறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

ஸ்டீரியோவையும் மறக்க வேண்டாம். பழைய பதிவுகள் பலவற்றில் கிட்டாரை ஒரு காதுப் பக்கமாக ஒதுக்கியிருப்பார்கள். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டாகப் பிரித்து ஒன்றை மியூட் செய்தால், வயலின் கூட்டம் பாதி காணாமல் போகும். வயர் உள்ள ஹெட்போன் போடுங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், கூடவே வாசிக்க முடியாது. பேஸ் கிட்டாரை எடுக்க வேண்டுமானால் முழுப் பாட்டையும் ஒரு ஆக்டேவ் ஏற்றிவிடுங்கள். பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஏற்றினால் கிட்டாரின் அடித்தந்தி அளவுக்கு, 82-க்கு வந்துவிடும், பளிச்சென்று கேட்கும்.

இப்போது வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. டெமுக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். நம் பாட்டுகளில் கிட்டாரும் வயலினும் புல்லாங்குழலும் எல்லாம் அந்த 'மற்றவை'க்குள்தான் போய் விழும். கிட்டாரைத் தனியாக எடுக்கும் ஆறு பிரிவு மாடலும் இருக்கிறது. என் பாட்டில் அது கிட்டாரில் பாதியைப் பியானோவாக நினைத்து வெளியே தள்ளியது. ஆனாலும் டிரம்ஸையும் பேஸையும் விலக்கிவிட்டுக் கேட்பது பெரிய உதவி. முழு வேகத்திலேயே பிரித்துவிட்டு, பிறகு மெதுவாக்குங்கள். மெதுவாக்கிய கோப்பைப் பிரிக்கக் கொடுத்தால் அது தடுமாறுகிறது. என் பழைய லேப்டாப்பில் ஒரு பாட்டைப் பிரிக்க டீ போட்டுக் குடித்து முடிக்கும் நேரம் ஆகிறது, அதற்குத் தயாராக இருங்கள்.

ஒரே உட்காரலில் அரை மணிக்கு மேல் கேட்காதீர்கள். அதன்பிறகு காது எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளும். இரவு சரி என்று எழுதி வைத்ததைக் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒருமுறை கேட்டால் தப்பு உடனே தெரியும். என் முதல் இடையிசை இப்போது முழு வேகத்தில் வருகிறது. இரண்டாவது இடையிசையில் கிட்டாரும் வயலினும் ஒரே சுரங்களைச் சேர்ந்து வாசிக்கிறார்கள், அதில் இன்னும் ஒரு இடம் பிடிபடவில்லை. யாருக்காவது இப்படிச் சேர்ந்தொலிக்கும் வாத்தியங்களைப் பிரித்துக் கேட்க நல்ல வழி தெரிந்தால் சொல்லுங்கள். இன்னொன்று: ஆடாசிட்டியில் போட்ட லேபிள்களைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் வரும், மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். என் லேப்டாப்பை ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தபோது கேட்காமலே ஃபார்மேட் செய்துவிட்டார்கள். பாட்டை மறுபடி ஏற்றிக்கொண்டேன். குறிப்புகளைத்தான் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.